கண்ணுக்கு ஒத்தடம்: 10 நிமிஷம், 40 டிகிரி

போன எபிசோடில மொனிட்டர் வாங்குவது பற்றிக் கதைச்சோம். ரிஃப்ரெஷ் ரேட், பேனல் வகை, எத்தனை இஞ்ச் என்று ஒரு மணித்தியாலம் போனது. அதுக்குப் பிறகு நீங்கள் அனுப்பின கேள்விகளில கனக்க, மொனிட்டரைப் பற்றியதே இல்லை. "பின்னேரம் நாலு மணிக்கு மேல கண் எரியுது." "கண்ணுக்குள்ள மண் விழுந்த மாதிரி இருக்கு." "எந்த மொனிட்டர் வாங்கினால் இது நிக்கும்?"

நேராகவே சொல்லுறன்: எந்த மொனிட்டர் வாங்கினாலும் இது நிக்காது. பிரச்சினை ஸ்க்ரீனில இல்லை, உங்கட இமையின் விளிம்பில இருக்கு.

எனக்கும் இது சொந்த விஷயம். பகலில சொஃப்ட்வெயர் டெஸ்டிங், இரவில இந்த பொட்காஸ்டின் ஓடியோ எடிட்டிங். ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம் ஸ்க்ரீனுக்கு முன்னால. இரண்டு வருஷமாகக் கண் உலர்வோட இருக்கிறன். ஒரு கட்டத்தில, இந்த வேலையை இன்னும் எத்தனை வருஷம் செய்யலாம் என்றே பயம் வந்திட்டுது. இப்ப ஆறு மாசமாக நாளுக்கு இரண்டு தரம் ஒரு வேலை செய்யிறன். அதுக்கு அப் தேவையில்லை, சந்தா தேவையில்லை. எங்கட வீடுகளில அதுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கு: ஒத்தடம்.

கண்ணீர் வெறும் தண்ணி இல்லை

கண்ணின் மேற்பரப்பில எப்பவும் ஒரு மெல்லிய படலம் இருக்கு. அதன் தடிப்பு கிட்டத்தட்ட 3 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியை இருபதாக வகுந்தால் வருகிற அளவு என்று வைச்சுக்கொள்ளுங்கோ. அடியில சளி போன்ற ஒரு பொருள், அது படலத்தைக் கண்ணோடு ஒட்டி வைக்குது. நடுவில தண்ணி. எல்லாத்துக்கும் மேல எண்ணெய்ப் படை, அது 100 நானோமீட்டருக்கும் குறைவு. சமைக்கிற பானைக்கு மூடி எப்பிடியோ, தண்ணிக்கு அந்த எண்ணெய் அப்பிடி. மூடி இல்லையென்றால் தண்ணி ஆவியாகிப் போயிடும்.

இந்த எண்ணெயைச் சுரக்கிறவை மெய்போமியன் சுரப்பிகள். ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மன் மருத்துவர் 1666-இல இவற்றை விவரிச்சதால அந்தப் பெயர். மேல் இமையில 25 முதல் 40 வரை, கீழ் இமையில 20 முதல் 30 வரை இருக்கும். இமை மயிருக்குக் கொஞ்சம் உள்பக்கமாக, விளிம்பில வரிசையாகச் சின்னச் சின்ன வாய்கள். ஒவ்வொரு தரம் கண்ணை மூடித் திறக்கும்போதும் இமைத் தசை இந்தச் சுரப்பிகளை அமத்தி, ஒரு துளி எண்ணெயை வெளியில விடுது.

இப்ப ரொறன்ரோ குளிர்காலத்தில உங்கட குளியலறையில இருக்கிற தேங்காய் எண்ணெய்ப் போத்தலை யோசிச்சுப் பாருங்கோ. 24 டிகிரிக்குக் கீழ போனால் வெள்ளையாக உறைஞ்சு நிக்கும். தலைகீழாகப் பிடிச்சாலும் ஒரு சொட்டும் வராது. அம்மா என்ன செய்வா? போத்தலைச் சுடுதண்ணிக்குள்ள வைப்பா. கொஞ்ச நேரத்தில உருகும்.

இமையிலயும் நடக்கிறது இதுதான். ஆரோக்கியமான சுரப்பியின் எண்ணெய் ஏறக்குறைய 28 முதல் 32 டிகிரிக்குள்ள உருகும், இமையின் சூட்டிலேயே திரவமாக இருக்கும். சுரப்பி பழுதாகத் தொடங்கினால் எண்ணெயின் தன்மை மாறும். உருகுவதற்கு 35 டிகிரி அளவு தேவைப்படும். அப்ப அது பற்பசை மாதிரித் தடிச்சு வாயை அடைச்சிடும். மூடி இல்லாத பானைதான் மிச்சம். கண் உலர்வுக்கு முக்கியமான காரணம் கண்ணீர் சுரக்காதது என்றுதான் கனபேர் நினைக்கினம். உண்மையில, சுரந்த கண்ணீர் ஆவியாகிப் போவதுதான் கூடுதலானவர்களுக்குப் பிரச்சினை.

ஸ்க்ரீன் இதில எங்க வருது?

1993-இல ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு பேர் ஒரு சின்ன ஆய்வுக் கடிதம் வெளியிட்டினம். சும்மா ஓய்வாக இருக்கும்போது ஆட்கள் நிமிஷத்துக்குச் சராசரி 22 தரம் கண் சிமிட்டிச்சினம். புத்தகம் வாசிக்கும்போது 10. கொம்பியூட்டர் ஸ்க்ரீனைப் பார்க்கும்போது 7. அது ஸ்மார்ட்ஃபோன் வருவதற்கு முந்தின காலம்.

சிமிட்டாவிட்டால் எண்ணெய் வெளியில வராது. வராத எண்ணெய் உள்ளேயே தேங்கித் தடிக்கும். இன்னொரு விஷயம்: ஸ்க்ரீனுக்கு முன்னால நாங்கள் அரைகுறையாகத்தான் சிமிட்டுறோம். மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிப் போயிடும். கோட் எழுதுறவை, வீடியோ எடிட் செய்யிறவை, இரவு ஒரு மணி வரைக்கும் கேம் விளையாடுறவை எல்லாரும் ஒரே வள்ளத்தில. இதோட ஹீட்டர் ஓடுற வீட்டுக் காத்து, கொண்டாக்ட் லென்ஸ், அலர்ஜிக்கு எடுக்கிற சில குளிசைகள், முகப்பருவுக்குக் குடுக்கிற ஐசோட்ரெடினோயின் எல்லாமே கண் உலர்வைக் கூட்டக்கூடியவை. கடைசியாகச் சொன்ன மருந்தை எங்கட வயசில கனபேர் எடுத்திருக்கிறம்.

அம்மாவும் நானும் ஒரே நாளில

என்னை உண்மையில உலுக்கினது என்ர கண் இல்லை, அம்மாட கண். அம்மாவுக்கு 58 வயசு. வேர்ஹவுஸ் ஒன்றில பொதி கட்டுற வேலை. மேலேயிருந்து சூட்டுக் காத்து ஊதிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் ஃபோனில ஊர்ச் செய்தி. ஒரு வருஷமாக அவவுக்குக் கண்ணால தண்ணி வடியுது. "தண்ணி வடியுது, பிறகென்ன காய்ஞ்ச கண்?" என்பது அவவின் வாதம்.

வாதம் நியாயமாகத்தான் கேக்கும், ஆனால் உடம்பு அப்பிடி வேலை செய்யிறதில்லை. மேற்பரப்பு காயும்போது கண் எரிச்சலடைஞ்சு, அவசரத்துக்குத் தண்ணியைக் கொட்டும். அந்தத் தண்ணியில எண்ணெய் போதாது, கண்ணில நிக்காமல் கன்னத்தில வடியும். காத்தடிக்கும்போதும் ஸ்க்ரீன் பார்க்கும்போதும் கண்ணீர் வடிஞ்சால், அது உலர்வின் அடையாளமாகவே இருக்கலாம்.

நான் எனக்கு எடுத்த ஒப்டோமெட்ரிஸ்ட் அப்போயிண்ட்மென்டோட அம்மாவுக்கும் ஒன்று எடுத்தன். அங்க இமையைப் பிரட்டிப் பிடிச்சு, இன்ஃப்ராரெட் கமராவால படம் எடுத்தினம். ஆரோக்கியமான சுரப்பிகள் அதில பியானோக் கட்டைகள் மாதிரி வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். என்ர படத்தில சில கோடுகள் குட்டையாகி இருந்தன. அம்மாட கீழ் இமையில பாதிக் கோடுகளே இல்லை. வெறும் சாம்பல் நிறம்.

"போன கோடுகள் திரும்ப வருமோ எண்டு கேள்" என்றா அம்மா. நான் கேட்டன். பொதுவாக வராது என்றுதான் பதில். மிஞ்சியிருக்கிறதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். அதைத் தமிழில அவவுக்குச் சொல்லுறது இருக்கே, அது எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததை விடக் கஷ்டமாக இருந்தது. எங்கட வயசுப் பிள்ளைகள் கனபேருக்கு இந்த வேலை தெரியும்: டொக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில இருந்து, ஒரு பக்கத்துப் பயத்தை மற்றப் பக்கத்துக்குக் குறைச்சுச் சொல்லுறது.

சிகிச்சை என்று வந்தபோது "வோர்ம் கொம்ப்ரெஸ்" என்றினம். நான் தமிழில சொல் தேடிக்கொண்டு நிக்க, அம்மா கையைத் தட்டி, "ஒத்தடம் எண்டு சொல்லன்" என்றா. "ஊரில சேலைத் தலைப்பை ஊதி ஊதி மாமாவின்ர கண்ணுக்கு நான்தான் வைச்சனான். இதுக்கு ஒரு டொக்டரோ?"

சேலைத் தலைப்பில இருந்து யூ.எஸ்.பி வரைக்கும்

அவ சொன்னது சரியான திசை. சேலைத் தலைப்பைப் பந்தாகச் சுருட்டி, வாயால ஊதிச் சூடாக்கி, கண்ணில வைச்சு எடுக்கிற பழக்கம் எங்கட கனக்க வீடுகளில இருந்திருக்கு. ஆனால் கணக்குப் பார்த்தால் சூடு போதாது. மூச்சுக் காத்து உடம்புச் சூட்டை விடக் குறைவு, துணியும் உடனே ஆறிடும். உள்ளங்கை இரண்டையும் தேய்ச்சு வைக்கிறதும் இதே கதைதான். சுகமாக இருக்கும், அடைச்ச எண்ணெய் உருகாது.

தேவை என்னவென்றால், இமையின் உள்பக்கம் கிட்டத்தட்ட 40 டிகிரிக்கு வரவேணும். சூடு தோலையும் இமையையும் கடந்து உள்ள போகவேணும், அதனால வெளியில வைக்கிற பொருள் அதை விடக் கொஞ்சம் கூடுதலான சூட்டில இருக்கவேணும். 45 டிகிரியைத் தாண்டக்கூடாது, இமைத் தோல் உடம்பிலேயே ஆக மெல்லிய தோல்.

வீட்டில நான் முயற்சி செய்து பார்த்தவை இவை:

ஈரத் துவாய்: செலவில்லை. ஆனால் சமையலறைத் தெர்மோமீட்டரை வைச்சுப் பார்த்தன், இரண்டே நிமிஷத்தில 40-க்குக் கீழ இறங்கிட்டுது. ஒரு துவாயை நனைச்சு வைச்சுப் பத்து நிமிஷம் படுத்திருந்தால், எட்டு நிமிஷம் குளிர்ந்த துணியோட படுத்திருக்கிறீங்கள். துவாய்தான் பாவிக்கப் போறீங்கள் என்றால், நாலைந்து சின்னத் துவாய்களைச் சூட்டுத் தண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு, ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டி வையுங்கோ. இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றாக மாத்துங்கோ. உருட்டி வைச்சால் உள்ளுக்கிருக்கிறவை சூடு ஆறாமல் இருக்கும்.

மைக்ரோவேவில சூடாக்கிற மாஸ்க்: உள்ளுக்குச் சின்ன மணிகள் இருக்கும், சூட்டைப் பத்து நிமிஷம் அளவுக்குத் தாங்கும். நான் பாவிக்கிறது இதுதான். ஒவ்வொரு மைக்ரோவேவும் வேறு வேறு சக்தி. பெட்டியில எழுதியிருக்கிற ஆகக் குறைஞ்ச நேரத்தில தொடங்குங்கோ. எடுத்து நல்லாக் குலுக்கி, மணிக்கட்டின் உள்பக்கத்தில வைச்சுப் பார்த்த பிறகே கண்ணுக்கு.

யூ.எஸ்.பி மாஸ்க்: சூடு நிலையாக இருக்கும், டைமரும் இருக்கும். வாங்கும்போது எத்தனை டிகிரி என்று இலக்கத்தில காட்டுறதை எடுங்கோ. "லோ, மீடியம், ஹை" என்று மட்டும் இருந்தால் என்ன சூடு போகுது என்றே தெரியாது. அதோட நித்திரை கொள்ளாதேங்கோ.

சப்பாத்து உறைக்குள்ள அரிசி, அவிச்ச முட்டை, உருளைக்கிழங்கு என்றும் ஆட்கள் செய்யினம். ஒரு பக்கம் சுடும், மற்றப் பக்கம் ஆறியிருக்கும். நான் அதை விட்டிட்டன். நனைச்ச துவாயை மைக்ரோவேவில போடுற யோசனையும் வேண்டாம். நடுவில கொதிச்ச ஆவி நிக்கும், பிரிக்கும்போது சுட்டுப் போடும்.

செய்யிற முறை

1. கொண்டாக்ட் லென்ஸைக் கழட்டுங்கோ. கண் மையையும் மேக்கப்பையும் துடையுங்கோ. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ.

2. கண்ணை மூடி, ஒத்தடத்தை இரண்டு இமைக்கும் மேல மெதுவாக வையுங்கோ. அமத்தக்கூடாது, பாரம் போதும். 10 நிமிஷம்.

3. எடுத்த உடனே, சூடு இருக்கும்போதே, சுத்தமான விரலால இமையை மெல்லத் தடவுங்கோ. மேல் இமையில மேலிருந்து கீழ, கீழ் இமையில கீழிருந்து மேல. இரண்டும் இமை மயிர்ப் பக்கமாக. உருகின எண்ணெயை வாய்க்கு அனுப்புறதுதான் நோக்கம். கண் முழியில அமத்தம் விழக்கூடாது. சூடு பட்ட கருவிழி இளகி இருக்கும், அமத்தித் தேய்ச்சால் அதன் வடிவமே மாறலாம். கெரட்டோகோனஸ் இருக்கிறவை டொக்டரிட்டைக் கேக்காமல் இந்தப் படியைச் செய்ய வேண்டாம்.

4. இமை விளிம்பைச் சுத்தமான ஈரத் துணியால ஒருக்காத் துடையுங்கோ. பிறகு பத்துத் தரம் முழுசாகக் கண்ணை மூடித் திறவுங்கோ.

கொஞ்ச நேரம் பார்வை மங்கலாக இருக்கலாம். அது சாதாரணம், சில நிமிஷத்தில தெளியும். தெளிஞ்ச பிறகு காரை எடுங்கோ.

முதல் சில கிழமைக்கு நாளுக்கு இரண்டு தரம், பிறகு ஒரு தரம். இரண்டு நாளில அதிசயம் நடக்காது. எனக்கு வித்தியாசம் தெரிய மூன்று கிழமைக்கு மேல எடுத்தது. இது பல் விளக்குவது மாதிரி. நிப்பாட்டினால் எண்ணெய் திரும்பவும் தடிக்கும்.

எதில காசைக் கொட்டத் தேவையில்லை

நீல ஒளிக் கண்ணாடி பற்றியும் கேட்டிருந்தீங்கள். 2023-இல வந்த கொக்ரேன் மதிப்பாய்வு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சாதாரணக் கண்ணாடியோட ஒப்பிட்டால், கண் களைப்பைக் குறைக்கிறதாகத் தெரியவில்லை. மீன் எண்ணெய்க் குளிசைக்கும் இதே நிலைமைதான்: 2018-இல வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்றில, 3000 மில்லிகிராம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்கும் ஒலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் கண் உலர்வில பெரிய வித்தியாசம் இல்லை. மீன் குழம்பைக் குழம்புக்காகச் சாப்பிடுங்கோ.

காசில்லாமல் உதவுறவை: மொனிட்டரின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இறக்குங்கோ, அப்ப கண் அவ்வளவு அகலத் திறக்காது. ஹீட்டர் காத்தும் கார் வென்ட் காத்தும் முகத்துக்கு நேர வராமல் திருப்புங்கோ. 20 நிமிஷத்துக்கு ஒரு தரம், 20 அடி தூரத்தை, 20 செக்கனுக்குப் பாருங்கோ. அந்த 20 செக்கனிலயும் முழுசாகச் சிமிட்டுங்கோ.

கண் சொட்டு மருந்து வாங்கினால், நாளுக்கு நாலு தரத்துக்கு மேல விடுறதாக இருந்தால் பிரிசர்வேட்டிவ் இல்லாததை எடுங்கோ. "சிவப்பை எடுக்கும்" என்று விக்கிற மருந்து வேறு சாமான், அது உலர்வுக்கு இல்லை. வீட்டில சிலர் விளக்கெண்ணெயைக் கண்ணுக்குள்ள விடச் சொல்லுவினம். சமையலறைப் போத்தலில இருக்கிறது கிருமி நீக்கினது இல்லை. மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கோ.

கிளினிக்குகளில மெஷினும் இருக்கு. லிப்பிஃப்ளோ என்பது 2011-இல அமெரிக்க எஃப்.டி.ஏ அனுமதி பெற்றது. இமையின் உள்பக்கத்தை 42.5 டிகிரிக்குச் சூடாக்கி, 12 நிமிஷம் பிசைஞ்சு விடும். ஒத்தடத்தின் விலை கூடின அண்ணன் அது. சிலருக்கு நல்லாக உதவுது. ஆனால் 2017-இல வந்த சர்வதேசக் கண் உலர்வு அறிக்கையும் முதல் படியில வைக்கிறது வீட்டில செய்யிற ஒத்தடத்தையும் இமைச் சுத்தத்தையும்தான்.

எப்ப டொக்டரிட்டைப் போகவேணும்

ஒத்தடம் எல்லாத்துக்கும் மருந்தில்லை. கண்ணில கடுமையான நோ, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை குறைதல், பீளை, ஒரு கண் மட்டும் திடீரென்று சிவத்தல் இருந்தால் அண்டைக்கே காட்டுங்கோ. லென்ஸ் போடுறவைக்கு இது இன்னும் முக்கியம். கடி தான் பெரிய பிரச்சினை என்றால் அது அலர்ஜியாக இருக்கலாம், அதுக்குக் குளிர் ஒத்தடம்தான் சுகம் தரும். கண்ணோட சேர்த்து வாயும் எப்பவும் காய்ஞ்சிருந்தால் அதையும் சொல்லுங்கோ. ஷோக்ரன் என்ற நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

ஒன்ராறியோவில இருக்கிறவைக்கு ஒரு விஷயம்: 20 முதல் 64 வயசு வரை, நீரிழிவு போன்ற குறிப்பிட்ட நோய்கள் இல்லையென்றால், வழக்கமான கண் பரிசோதனைக்கு ஓஹிப் காசு குடுக்காது. எங்கட அம்மா அப்பா வருஷக் கணக்காகக் கண்ணைக் காட்டாமல் இருக்கிறதுக்கு இது ஒரு பெரிய காரணம். நீரிழிவு இருந்தால் பரிசோதனைக்கு ஓஹிப் குடுக்கும் என்பது கனபேருக்குத் தெரியாது. உங்கட வேலையிடத்துக் காப்புறுதியிலயும் வீட்டுக்காரருக்கு இடம் இருக்கலாம், ஒருக்காப் பாருங்கோ.

கூட்டிக்கொண்டு போகும்போது அவை சொல்லக்கூடிய மாதிரிக் கேளுங்கோ. "கண் உலர்வா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். "கண் அரிக்குதோ, மண் விழுந்த மாதிரி இருக்கோ, ரீவி பார்க்கத் தண்ணி வடியுதோ, காலமை எழும்ப இமை ஒட்டிக்கொண்டு இருக்கோ?" என்று கேட்டுப் பாருங்கோ.

அம்மாட பாதிக் கோடுகள் போனது போனதுதான். மிச்சப் பாதிக்கு அவ இப்ப ஒவ்வொரு இரவும் மாஸ்க்கைச் சூடாக்கிறா. தண்ணி வடியிறது முழுசாக நிக்கவில்லை, ஆனால் குறைஞ்சிருக்கு. வேலையில இருந்து வந்து கண்ணைக் கசக்கிறதை விட்டிட்டா. எனக்கு 27 வயசு, என்ர கோடுகள் கொஞ்சம் குட்டைதான், இன்னும் அழியவில்லை. உங்களுடையவையும் பெரும்பாலும் அப்பிடித்தான் இருக்கும். அழிய முதல் காப்பாற்றக்கூடிய வயசு இதுதான்.

பத்து நிமிஷம் சும்மா கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது எங்களுக்குப் பெரிய கஷ்டம் என்று தெரியும். அதுக்குத்தான் காது இருக்கு. வாற கிழமை எபிசோடில ஃபோன் பற்றரிகள் ஏன் குளிரில சாகுது என்று கதைக்கிறம். முதல் பத்து நிமிஷத்தில ஸ்க்ரீனில பார்க்க ஒண்டும் இல்லை.